வாசல் பாத்தாச்சா?

ஜெமீல் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கற்பிட்டியில் என் கடையில் நின்று ஒரு மீனவருக்கு நைலோன் கயிறு அளந்துகொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகன். "சாச்சா, வாப்பா மௌத்தாகிட்டாரு" என்றான்.   எவ்வளவு அளந்தேன் என்பது மறந்துபோய், கயிற்றின் நுனியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அந்த மீனவர் என் கையிலிருந்து கயிற்றை மெதுவாக வாங்கிச் சுருட்டினார். "நீங்க போங்க நானா. கயிறு எங்கயும் போகாது, நான் நாளைக்கு வாறன்" என்றார்.

காலையில் வழக்கம்போல வேன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார். பிளேன்டீ குடித்திருக்கிறார். முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்தவரை லுஹர் தொழுகைக்கு எழுப்பப் போனால், எழும்பவில்லை. அவ்வளவுதான் மகன் பிறகு சொன்னது. யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் போய்விட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. கொஞ்சம் தொந்தரவு கொடுத்திருக்கலாம் மனிதர். ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருப்பேன்.

புத்தளம் தில்லையடியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை தொங்குகிற அந்தப் பாடசாலை வேனை அறியாத உம்மா யார் இருக்கிறார்? பிள்ளைகள் ஏறியதும் இறங்கியதும் அவர் திரும்பிப் பார்த்து, "வாசல் பாத்தாச்சா?" என்று சத்தம் போடுவார். "பாத்தாச்சு!" என்று வேன் முழுக்கக் கத்தும். அதற்குப் பிறகுதான் வேன் நகரும். தண்ணீர்ப் போத்தல், புத்தகப் பை ஒன்றும் விட்டுப் போகக்கூடாது என்பதற்காகக் கேட்கிறார் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்திருப்பீர்கள். அது அதற்காக வந்த கேள்வி அல்ல. அது எங்கே பிறந்தது என்பதை அறிந்த ஆள் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் அவருடைய மனைவி; கணவன் மௌத்தானதால் இத்தாவில், வெளியே வராமல், இருக்கிறார். மற்றவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவரைச் சந்தித்தது புத்தளத்தில் அல்ல, மஸ்கட்டில். ஒரு கட்டட நிறுவனத்தில் நான் ஸ்டோர் பார்த்தேன். அவர் தொழிலாளர்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸின் சாரதி. பஸ் ஓட்டும்போது வாய் மூடமாட்டார். கதைக்கிற ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். முன் ஆசனத்தில் இருக்கிற எனக்கு உயிர் போய் வரும். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பது ஊருக்கே தெரியும். "நானா, அல்லாஹ்வுக்காக ரோட்டப் பாருங்க!" என்று ஒருநாள் கத்திவிட்டேன். "ரோடு எங்கடா போகப் போகுது? அது அங்கதான் கிடக்கும். நீதான் நாளைக்கு வேற கேம்ப்புக்குப் போயிருவாய்" என்றார். அன்றைக்குத்தான் நான் எந்த ஊர் என்று கேட்டார். கற்பிட்டி என்றேன். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் இருந்த வங்காளிகள் எல்லாம் எழும்பி என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். "கற்பிட்டியா? டேய், நாங்க வந்து இறங்கினது உங்கட கரையிலதானே!" என்றார்.

அவர் மன்னார்க்காரர். தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, அவருக்குக் கலியாணம் முடிந்து ஒரு மாரி கூடக் கழியவில்லை. படகில்தான் வெளிக்கிட்டார்கள். மீன்பிடிப் படகில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். அது எங்கள் கரை முழுக்க உள்ள வழக்கம். அவருடைய மனைவி ராலியா மதினி, அந்த அவசரத்திலும் பழக்கதோஷத்தில், புதுப்பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பைக் கழற்றிக் கரையில் சோடியாக வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். படகு நகர்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். கரையில் அந்த ஒரு சோடி மட்டுமா? ஏறியவர்கள் எல்லோருடைய செருப்பும் வரிசையாக நின்றதாம். "பள்ளிவாசல்ல ஜும்ஆ நடக்கிற மாதிரி இருந்திச்சுடா" என்பார் ஜெமீல் நானா. "உள்ளுக்குள்ள ஆக்கள் தொழுதுகொண்டு இருக்கிறாங்க, இப்ப வந்து போட்டுக்கொண்டு போவாங்க எண்ட மாதிரி." யாரும் திரும்பிப் போகவில்லை. கற்பிட்டியில் அவர்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள்.

அன்றிலிருந்து மதினி எந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றி வைப்பதில்லை. கழற்றுவார், ஆனால் ஒரு துணிப் பைக்குள் போட்டு உள்ளே கொண்டுபோய் மடியில் வைத்துக்கொள்வார். நான் விடுமுறையில் வந்தபோது ஒருநாள் இருவரும் கற்பிட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மதினி பையோடு உள்ளே வந்ததைப் பார்த்து என் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம். குசினிக்குள் என்னை இழுத்து, "என்ன, நம்மட வீட்டுல செருப்புக் கள்ளனா இருக்கிறான்?" என்று கேட்டாள். விசயத்தைச் சொன்னேன்.  சோறு போடும்போது மதினியின் கோப்பையில் பெரிய மீனாக எடுத்து வைத்தாள்.

வேற்று வீட்டில்தான் அப்படி என்றால் போகட்டும். தில்லையடியில் அவர்களுடைய சொந்த வீட்டிலும் அதே கதைதான். ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள், பிறகு கூலிக்கு எடுத்த வீடுகளில் இருந்தார்கள், கடைசியில் நானா வெளிநாட்டில் உழைத்து காணி வாங்கி, கல்வீடு கட்டி, தரைக்கு மாபிள் போட்டு, கதவுக்கு வார்னிஷ் அடித்து முடித்தார். கத்தம் ஓதிக் குடிபுகுந்த அன்றும் மதினி செருப்பைப் பைக்குள் போட்டு உள்ளே கொண்டுபோய், கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். "இது நம்மட வீடுதானே ராலியா" என்று நானா கேட்டாராம். "இருக்கிற வீடு" என்றாராம் மதினி.  இதைச் சொல்லும்போது மட்டும் ஜெமீல் நானா ரோட்டைப் பார்த்து பஸ் ஓட்டுவார்.

அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ராலியா ஒரு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மதினியை மஸ்கட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று பல தடவை முயற்சி செய்தார். விசிட் விசா எடுக்கலாம், தங்குவது எங்கே? எங்களுக்குத் தந்த அறைகளில் ஆண்கள் மட்டும்தான் இருக்கலாம். வெளியில் ஓர் அறை எடுக்கலாம் என்றால் மதினி சம்மதிக்கவில்லை. "இன்னொருத்தன்ட வாசல்ல இனி என்னால நிக்க ஏலாது. நீங்க உழைச்சிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கிறன்" என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் யாரோ அவருடைய தொலைபேசிக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பினார்கள். சலாலாவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்களுடைய பழைய வேனை விற்கிறார்கள். சும்மா வேன் அல்ல, உள்ளே குடியிருக்கிற வேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குள் ஓடி வந்தார். கையில் பாதி கடித்த பாண் துண்டு.

"ரிஸ்வி, வீடுடா! அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, கக்கூசு கூட இருக்கு. படத்தப் பாரு!"

"நானா, இது வேன்."

"வேன் இல்லடா, வீடு. சில்லு வெச்ச வீடு. யாராவது வந்து எழும்பு எண்டு சொன்னா, வீட்டோட எழும்பிப் போகலாம். செருப்பு கூட மிஞ்சாது."

உங்களுக்கு விசர் என்று சொன்னேன். அந்த வயதில், அந்தச் சம்பளத்தில், ஒரு சாரதிக்கு இது தேவையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சாரதிக்குத்தானே வீடு ஓட்டத் தெரியும்" என்றார். அந்தப் பெருநாள் விடுமுறையில் இருவரும் சலாலாவுக்கு பஸ் ஏறினோம். ஏன் கூடப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்ல வராது.

மஸ்கட்டிலிருந்து சலாலா என்றால் பாலைவனத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல். பார்க்கிற இடமெல்லாம் கல்லும் மணலும். வேறு ஒருவர் ஓட்டுகிற பஸ்ஸில் இருப்பது அவருக்குப் பெரிய வேதனை. "பிரேக்க இப்படியா மிதிக்கிறது" என்று என் காதுக்குள் புறுபுறுத்துக்கொண்டே வந்தார். சலாலாவுக்குக் கிட்டப் போகும்போது மலை வந்தது, மலையோடு மழைத்தூறல் வந்தது, இறங்கிப் பார்த்தால் பச்சை. தென்னை! வாழை! வீதியோரம் கொட்டில் போட்டு இளநீர் விற்கிறார்கள். கடற்காற்றுக்குத் தென்னையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறது.  பாலாவி தாண்டிக் கற்பிட்டி வீதியில் திரும்பியது போல் இருந்தது. நுரைச்சோலைக்குப் போகிற பஸ் இப்போது வந்தால் ஏறியிருப்பேன். நானா ஓர் இளநீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "காய் நல்ல காய். வெட்டத்தான் தெரியாது" என்றார். கண்ணைத் துடைத்தார். இளநீர் தெறித்துவிட்டது என்றார்.

வேன் ஒரு தோட்டத்துக்குள் நின்றது. அந்த வெள்ளைக்கார அம்மாவும் ஐயாவும் அங்கே பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள். ஐயாவுக்கு முழங்கால் போய்விட்டது, இனி ஓட்ட முடியாது, ஊருக்குப் போகிறார்கள். எங்களுக்கு முன்பே இன்னொருவர் வந்திருந்தார். பக்கச் சுவரை வெட்டி ஜன்னல் வைத்து, கடற்கரையில் தேநீர்க் கடை போடுவதற்கு வேனைக் கேட்கிறார். சப்பாத்தோடு ஏறி, உள்ளே தட்டிப் பார்த்து, கட்டிலைக் கழற்றலாமா, அலுமாரியைக் கழற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கொண்டுவந்ததைவிட அதிகம் தருவதாகவும் சொல்லிவிட்டார். எனக்கு விளங்கிவிட்டது. நானாவின் கையைப் பிடித்து, "வாங்க போவம்" என்றேன்.

"வந்தது வந்திட்டம், ஒருக்கா உள்ளுக்குப் பாத்திட்டுப் போவம்" என்றார். வேனின் கதவடிக்குப் போனார். நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி வலது காலை வைத்து ஏறினார். எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸில் ஏறிய மனிதர்! ஒருநாள் கூடச் செருப்பைக் கழற்றியதில்லை. எனக்கும் கழற்றாமல் ஏற முடியவில்லை. உள்ளே சின்னச் சின்ன ஜன்னல்களுக்கு மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை. நானா எதையும் தட்டிப் பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து, சுற்றிவரப் பார்த்து, "அம்மா நல்லா வெச்சிருக்கிறா வீட்ட" என்றார்.

அந்த அம்மா கதவடியில் எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தை வைத்து நானாவுக்குத் தமிழில் சொன்னேன். நானாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "வீட்டுக்குள்ள செருப்போட எப்படிப் போறது எண்டு கேளு" என்றார். அதைச் சொன்னேன். அந்த அம்மா கணவனைப் பார்த்தார். கணவன் தலையை அசைத்தார். தேநீர்க் கடைக்காரருக்கு அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் இருந்ததற்கே வேனைத் தந்தார்கள். திரைச்சீலையை மட்டும் கழற்றி எறிய வேண்டாம், தன் கையால் தைத்தது என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். தில்லையடிப் பிள்ளைகளே, நீங்கள் தூங்கி வழிந்துகொண்டு முகத்தில் இழுத்துப் போட்டது அந்தத் திரைச்சீலையைத்தான்.

பத்திர வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்ததும் புறப்படலாம் என்றேன். "பால் காய்ச்சாம எப்படிடா குடிபோறது?" என்றார். வேனுக்கா என்று கேட்டேன். "திரும்பவும் வேன் எண்டு சொன்னாய் எண்டால் பஸ்ஸுலதான் வரவேண்டி வரும்" என்றார். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்து, அந்தச் சின்ன அடுப்பில் வைத்தார். நான் யாசீன் ஓத வேண்டும், அவர் பால் பொங்குவதைப் பார்ப்பார். நன்றாகத்தான் போனது. பால் பொங்கியது. பொங்கிய பால் வழிந்து அடுப்பில் விழுந்து கருகி, புகை எழும்பி, கூரையில் இருந்த என்னவோ ஒன்று கீ என்று அலறத் தொடங்கியது. வெள்ளைக்கார ஐயா முழங்கால் வலியையும் மறந்து தீயணைக்கிற சிவப்புப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து எங்கள் மேல் அடித்துவிட்டார். நான் ஓதுவதை நிறுத்தவில்லை. நுரைக்குள் இருந்து ஓதி முடித்தேன். பால் வழிந்தால்தான் வீட்டுக்கு பரக்கத் என்று அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வாங்கியதில் காய்ச்சாமல் மிஞ்சிய பாலில் சீனி போட்டு நாலு பேரும் குடித்தோம்.

அவர்கள் கை காட்ட, நாங்கள் வெளிக்கிட்டோம். மலையேறி, பாலைவனம் தொடங்குகிற இடத்தில் பெற்றோல் நிலையம் ஒன்றில் வேனை நிறுத்தி இறங்கினால் தார் வீதி காலைச் சுட்டது. குனிந்து பார்த்தேன். செருப்பு இல்லை. அவருக்கும் இல்லை. நாலு செருப்பும் சலாலாவில் அந்தத் தோட்டத்தில் கதவடியில் நிற்கிறது! வீட்டுக்குள் போகிறோம் என்று வாசலில் கழற்றி வைத்தோம். வீடு கிளம்பிவிட்டது, வாசல் அங்கேயே நின்றுவிட்டது. நான் துள்ளித் துள்ளிக் கத்தினேன். "இதுக்குத்தான் சொன்னேன், வேன் வேன்தான்!" நானா வேனின் நிழலில் குந்தி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விடுடா, சலாலாவுலயும் நமக்கொரு அட்ரஸ் இருக்கட்டும்" என்றார்.

அந்த இடத்துக் கடையில் இருந்தது ஒரே வகைச் செருப்பு, ஊதா நிறத்தில் பூ வைத்தது. ஆளுக்கொரு சோடி வாங்கினோம். அதையும் வழியில் ஹைமா என்ற ஊரில் தொழுதுவிட்டு வந்து ஏறியபோது கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டோம். பிறகு வீதியில் ஒட்டகம் ஒன்று புத்தளத்துக் கழுதை மாதிரி நடுவில் நின்று நகரமாட்டேன் என்றபோது, அதை விரட்டுவதற்கு இருவரும் வெறுங்காலோடு சூட்டில் குதித்தது தனிக் கதை. அதற்குப் பிறகுதான் நானா ஒரு சட்டம் போட்டார். எஞ்சினை முறுக்குவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்து, "வாசல் பாத்தாச்சா?" என்று கேட்பார். நான் இறங்கிப் பார்த்து, "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். மஸ்கட் வரைக்கும் அப்படித்தான் வந்தோம்.

மதினி மஸ்கட்டுக்கு வந்தார். கூலி வாசல் இல்லை, இன்னொருத்தன் வீடு இல்லை என்று நானா சத்தியம் பண்ணிச் சொன்னதால் வந்தார். எனக்குத் தெரிந்த ஒருவருடைய வெறுங்காணியில் வேன் நின்றது. மதினி உள்ளே எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், திரைச்சீலையின் தையலைப் பார்த்து, "கைத் தையல்" என்றார். ஆனால் செருப்பு பைக்குள்தான். பை கதவுக்குப் பின்னால் கொளுக்கியில் தொங்கியது.   விசா முடிகிற காலம் நெருங்க நெருங்க அவர் பஸ் ஓட்டும்போது கதைப்பது குறைந்தது. தொழிலாளர்கள் கூட, சாரதிக்கு என்ன சுகமில்லையா என்று கேட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். மதினி வேனுக்குள் சமைத்தார். மன்னார்ப் பக்கத்து மீன் ஆணம், மாசிச் சம்பல். வெளியில் பாய் போட்டுச் சாப்பிட்டோம். கடல் எங்கள் கடல் மாதிரி அல்ல, அமைதி. மதினி அன்றைக்கு நிறையக் கதைத்தார். கலியாணத்துக்கு முந்தி நானா அவருடைய வீட்டு ஒழுங்கையால் சைக்கிளில் காரணமில்லாமல் எத்தனை தடவை போவார் என்பதைச் சொல்லிச் சிரித்தார். நானாவுக்கு வெட்கம் வந்து கடலைப் பார்த்தார். அஸர் தொழுதோம், பாயைச் சுருட்டினோம், புறப்பட்டோம். எங்கள் சட்டம் அன்றைக்கு நினைவு வரவில்லை. நானும் நானாவும் செருப்போடுதான் முன்னால் ஏறினோம். மதினி பின்கதவால் ஏறினார்.

கொஞ்ச தூரம் போய் ஒரு கடையடியில் நிறுத்தினோம். மதினிக்கு ஏதோ வாங்க வேண்டும். கதவைத் திறந்தவர் இறங்காமல் நின்றார். நானா திரும்பிப் பார்த்தார். கொளுக்கியில் பை தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லாமல் தட்டையாகத் தொங்கியது.

"ராலியா, செருப்பு எங்க?"

"வாசல்ல."

"எந்த வாசல்ல?"

மதினிக்குக் கோபம் வந்தது. "இந்த வாசல்லதான்! சமைக்கிற அவசரத்துல கழட்டி வெச்சிட்டு உள்ளுக்கு வந்திட்டன். ஒரு சொல்லுச் சொல்லாம வண்டிய எடுத்தா நான் என்ன செய்ற?"

நானா கதவைத் திறந்து இறங்கி, வேனைச் சுற்றி வந்து, அந்தப் பின்கதவடியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மதினி பதறிப்போய், "ஒரு செருப்புக்கு ஏன் இப்படி அழுறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத்தான் அவருக்கே விளங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். நான் கடைக்குள் போய், தேவையில்லாமல் ஒரு பெட்டி தீக்குச்சி வாங்கினேன்.

திரும்பிப் போனோம். கரையில் யாரும் இல்லை. நாங்கள் சாப்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சோடி அப்படியே நின்றது. நீல வார்ச் செருப்பு, கொஞ்சம் மணல் ஏறியிருந்தது. மதினி வெறுங்காலோடு நடந்துபோய், குனிந்து மணலைத் தட்டி, காலில் போட்டுக்கொண்டார். கடலைப் பார்த்து நின்றார். "இந்த முறை திரும்பி வந்திட்டம்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு மதினி ஊருக்குப் போனார்; சில வருடத்தில் நாங்களும் வந்துவிட்டோம். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற வேனை இங்கே கொண்டுவர முடியாது. விற்றோம். சப்பாத்தோடு ஏறிப் பார்த்த இரண்டு பேருக்கு நானா கொடுக்கவில்லை; மூன்றாவதாக வந்த குடும்பம் செருப்பைக் கழற்றியது. திரைச்சீலையை மட்டும் கழற்றி எடுத்து வந்தார். பாடசாலை வேன் வாங்கினார், பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று. தில்லையடி வீட்டில் பை திரும்பவும் கதவுக்குப் பின்னால் ஆணிக்கு வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம். நீங்கள் ஒரு தடவை கதைத்துப் பாருங்களேன் என்று நானாவிடம் சண்டை பிடித்தேன். "கதைச்சுக் கழட்டினா அது கழட்டினதாடா?" என்றார். "நான் ஒருக்கா கண்டிட்டன். அது போதும்." போதாது என்று அவருக்கும் தெரியும். தன்னுடைய செருப்பை மட்டும் எப்போதும் வாசலில் வலப்பக்கமாக ஒதுக்கி வைப்பார். இடப்பக்கத்தில் ஒரு சோடிக்கு இடம் விட்டிருப்பார்.

அவர் மௌத்தான அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். வீட்டு வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருந்தது. என்னுடையது எங்கே கிடந்தது என்று பார்க்கவில்லை. கால் வைத்த இடமெல்லாம் நடந்தேன். மையவாடியில் மூன்று பிடி மண் போட்டேன். துஆ முடிந்ததும், முன்பே மையவாடிப் பக்கம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை அங்கிருந்தே எடுத்தேன். பாலாவிச் சந்தியில் நிறுத்தி காலை ஊன்றியபோதுதான் தெரிந்தது, நான் வெறுங்கால். அந்தக் கடற்கரை நாளுக்குப் பிறகு எந்த இடத்தை விட்டுப் புறப்பட்டாலும் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் வந்தவன் அல்ல நான். அன்று பார்க்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. அந்தச் சந்தியில், மீன் விற்கிறவர்கள் பார்க்கப் பார்க்க, நான் அழுதேன்.

திரும்பி தில்லையடிக்குப் போனேன். சனம் கலைந்துவிட்டது. வாசல் கூட்டியிருந்தார்கள். படியில் மூன்று சோடி இருந்தது. ஒன்று என்னுடையது, யாரோ எடுத்து ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் நானாவின் மண்ணிறச் செருப்பு, அவர் காலையில் கழற்றிய மாதிரியே. அதற்கு இடப்பக்கம், ஒட்டினாற்போல, ஒரு பெண்ணுடைய செருப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மதினி இத்தாவில் இருக்கிறார்; முன்னால் வரமாட்டார். கதவுத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ரிஸ்வித் தம்பியா?"

"ஓம் மதினி. செருப்ப விட்டுட்டுப் போயிட்டன்."

"தெரியும். நான்தான் எடுத்து வைக்கச் சொன்னன்."  பிறகு சொன்னார்: "அவர இந்த மண்ணுல வெச்சாச்சு தம்பி. இனி நான் எங்க போற?"

 திறந்த கதவுக்குப் பின்னால் சுவரில் ஆணி தெரிந்தது. அதில் ஒன்றும் தொங்கவில்லை.

ஜெமீல் நானாவைத் தெரிந்தவர்களே, ஆளுக்கொன்றாக அவரை வைத்துக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அந்த வேன், பள்ளிவாசலுக்கு அவருடைய சிரிப்பு. எனக்கு அந்தக் கேள்வி போதும். இப்போது நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். கடையைப் பூட்டும்போதும், பஸ்ஸில் இறங்கும்போதும், யாருடைய வீட்டிலிருந்து எழும்பும்போதும். அன்றும் அந்தப் படியில் நின்று, சத்தமாகவே, "வாசல் பாத்தாச்சா?" என்று கேட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மதினி சொன்னார்: "பாத்தாச்சு."